கணிப்பொறி 'முடியாது' என்று சொன்னால்

(புதுச்சேரியில் உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லைப் பற்றியோ கரும்பைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் வேறு. ஆயினும் பயிரிலிருந்தே தொடங்குகிறேன்.

நெற்பயிரில் அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று அறிவீர்கள். இளம் இலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து ஓரம் வழியாகக் கருகி வந்தால் சாம்பல் சத்துப் போதவில்லை. நட்ட 2 முதல் 4 வாரங்களுக்குள் இலைகளில் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நின்றுவிட்டால் துத்தநாகத்தை நினைக்கிறோம். பயிருக்கு வாயில்லை. ஆனால் எந்தச் சத்து இல்லை என்பதை எந்த இலையில் காட்டவேண்டுமோ அந்த இலையில் காட்டிவிடுகிறது. இலை வண்ண அட்டை அதற்கும் ஒரு படி மேலே போகிறது. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் வெளிறினால் தழைச்சத்தை மேலுரமாக இடு என்கிறது. குறையும் தெரிகிறது, செய்யவேண்டியதும் தெரிகிறது.

பம்புசெட்டையும் பாருங்கள். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போய்விட்டால் ஸ்டார்ட்டரில் உள்ள சிங்கிள் பேஸ் பிரிவென்ட்டர் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. காயில் எரிவதில்லை. விளக்கைப் பார்த்ததுமே லைன்மேனுக்கு ஆள் அனுப்புவதா, மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிடுவதா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போது வந்துள்ள கைப்பேசி ஸ்டார்ட்டர்கள் வீட்டிலிருப்பவரைக் கூப்பிட்டு, தமிழிலேயே 'மின்சாரம் சரியில்லை' என்று சொல்லவும் செய்கின்றன.

இவ்வளவு தெளிவாக நம்மோடு பேசாத ஒன்று இருக்கிறது. அதுதான் சேவை மையத்திலும் வங்கியிலும் அலுவலகங்களிலும் நாம் எதிர்கொள்ளும் கணிப்பொறி. வேலை நடந்துவிட்டால் குறையில்லை. நடக்காதபோது அது என்ன சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பாகூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். இரண்டு காணி நிலம். பிரதமரின் கிசான் நிதித் திட்டத்தில் நான்கு மாதத்திற்கு ஒருமுறை வரும் ரூ.2,000 அவருக்கு நின்றுவிட்டது. சேவை மையத்திற்குச் சென்றார். நானும் அப்போது அங்கிருந்தேன். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்து, "இனாக்டிவ் ஆதார்னு வருது தாத்தா" என்றார். பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என் ஆதார் செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. ஆதார் மையத்திற்குப் போகச் சொன்னார். மறுநாள் பெரியவர் அங்கே வரிசையில் நின்றார். ரேகை வைத்துப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், ஆதார் நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வங்கி. "உங்கள் கணக்கில் ஆதார் ஏற்கனவே சேர்த்திருக்கிறதே" என்று பதில் வந்தது. அதுவும் பொய்யில்லை. நான்காம் நாள் விவரம் தெரிந்த ஒருவர் கூடவே வந்து ஒரு படிவம் வாங்கிக் கொடுத்தபிறகுதான் காரியம் முடிந்தது. நான்கு நாளும் நடவுக் காலம். ஆள் வைத்த கூலியும் பேருந்துக் கட்டணமும் போக அந்த ரூ.2,000-இல் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதை உங்கள் கணக்குக்கே விட்டுவிடுகிறேன்.

நடந்தது இதுதான். அரசு மானியம் வரும்போது அது கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பதிவேடு ஒன்றைத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கிறது. தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரிக்கும் இடத்தில், இன்னாருக்கு வரும் கடிதத்தை இன்ன தெருவுக்கு அனுப்பு என்று ஒரு குறிப்பு வைத்திருப்பதைப் போன்றது அது. ஓர் ஆதாருக்கு எதிரே ஒரு வங்கியின் பெயர்தான் இருக்கும். நீங்கள் நகைக்கடனுக்காகவோ குழந்தையின் படிப்புக்காகவோ வேறு வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி, அங்கே மானிய இணைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பழைய வங்கியின் பெயர் போய்ப் புதியது வந்துவிடும். சில வேளைகளில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். வங்கிக் கணக்கில் அடையாளத்திற்காக ஆதார் எண்ணைச் சேர்த்து வைப்பது ஒன்று. மானியம் வந்து சேர இந்தப் பதிவேட்டில் வங்கியின் பெயர் ஏறுவது வேறொன்று. இரண்டையும் 'ஆதார் இணைப்பு' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். குழப்பத்திற்கு வேறு வித்து வேண்டியதில்லை.

'இனாக்டிவ் ஆதார்' என்ற சொற்களுக்குப் பொருள், பெரியவரின் ஆதார் செத்துவிட்டது என்பதன்று. அந்தப் பதிவேட்டில் அவருக்கு எதிரே வங்கியின் இணைப்பு உயிரோடு இல்லை என்பதுதான். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கூலி திரும்பிப் போன இடங்களிலெல்லாம், நாடு முழுவதும், இதே சொற்கள் மக்களைத் தவறான வாசலுக்கு அனுப்பியிருக்கின்றன.

அந்தத் திரையில் இப்படி எழுதியிருந்தால் போதுமே: 'தங்கள் ஆதார் நல்ல நிலையில் உள்ளது. பணத்தை எந்த வங்கிக்கு அனுப்புவது என்ற பதிவு இல்லை. தங்கள் வங்கிக் கிளையில் நேரடி மானியத்திற்கான ஆதார் இணைப்புப் படிவத்தைக் கொடுக்கவும். ஆதார் மையத்திற்குச் செல்லத் தேவையில்லை.' கடைசி வரியைக் கவனியுங்கள். எங்கே போகவேண்டும் என்பதைப் போலவே எங்கே போகவேண்டாம் என்பதும் ஏழை உழவனுக்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

ஏன் அப்படி எழுதவில்லை? யாருக்கும் உங்கள்மேல் பகையில்லை. அந்தச் சொற்கள் ஒரு கணிப்பொறி இன்னொரு கணிப்பொறிக்கு எழுதியவை. மென்பொருள் எழுதுபவர் தம் வசதிக்காக வைத்துக்கொண்ட குறிப்பு, யாரும் தடுத்து நிறுத்தாததால், கடைசியில் உங்கள் முன் வந்து நிற்கிறது. உரக்கிடங்கில் மூட்டையின்மேல் போட்ட அடையாளக் குறியைப் படித்து, எவ்வளவு உரம் இடுவது என்று தெரிந்துகொள்ளச் சொல்வது போலத்தான்.

மொழிபெயர்ப்பிலும் ஒரு வினை இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள ஒரு சொல்லைத் தமிழில் 'செல்லாத' என்று போட்டுவிடுகிறார்கள். 'செல்லாத பயனாளர்' என்று ஒரு திரையில் நானே பார்த்திருக்கிறேன். செல்லாக்காசு என்று ஒரு மனிதனைச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'தவறான உள்ளீடு' என்றால் குற்றம் உங்களுடையது என்று ஆகிறது. கைப்பேசி எண்ணுக்கு நடுவே ஓர் இடைவெளி விட்டதற்காக அப்படிச் சொல்லும் மென்பொருள், அந்த இடைவெளியைத் தானே நீக்கிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம்.

ஒரு விலக்கும் உண்டு. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் 'பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை' என்று பொதுவாகச் சொல்வார்கள். எது தவறு என்று காட்டினால் திருடனுக்கும் அது உதவிவிடும். அங்கே தெளிவின்மை வேண்டுமென்றே வைத்தது. அதை நான் குறை சொல்லவில்லை.

நல்லதையும் சொல்லவேண்டும். கிசான் நிதியின் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்த்தால் மூன்று செய்திகளைத் தனித்தனியே ஆம், இல்லை என்று காட்டுகிறது. மின்னணு அடையாளச் சரிபார்ப்பு முடிந்ததா, நில விவரம் சேர்ந்ததா, வங்கியோடு ஆதார் சேர்ந்ததா என்பவையே அவை. இது சரியான முறை. முதலாவதற்கு 'இல்லை' என்றால் வேலை உங்களுடையது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணாலோ சேவை மையத்தில் ரேகையாலோ முடிக்கலாம். 2023 முதல் அத்திட்டத்தின் கைப்பேசிச் செயலியில் முகத்தைக் காட்டியும் முடிக்க வழி வந்துள்ளது. இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் நில ஆவணத்துடன் வேளாண்மை அலுவலகத்தை அணுகவேண்டும். மூன்றாவது என்றால் வங்கி. மூன்று வாசல்கள். ஆனால் இந்த 'இல்லை'க்குப் பக்கத்திலேயே அந்த வாசலின் பெயரையும் எழுதியிருந்தால் நான் இங்கே வந்து சொல்லவேண்டிய தேவை இருந்திராது.

ரேகையின் கதை இன்னும் சுவையானது. ஆதார் ஆணையம், தன் சேவையைப் பயன்படுத்தும் மென்பொருள் எழுதுபவர்களுக்காக ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் உங்கள் ரேகை விவரத்தை நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள். 400 என்றால் ஒருமுறை எண் தவறு. 998 என்றால் அந்த ஆதார் எண்ணே சரியில்லை அல்லது விவரம் கிடைக்கவில்லை. எண்ணோடு நிற்கவில்லை. பொதுமக்களுக்கு என்ன சொல்லவேண்டும் என்ற யோசனையும் பக்கத்தில் இருக்கிறது. 300-க்கு நேரே, ஆதார் எண் சரிதானா என்று பார்க்கவும், விரலையும் கருவியையும் துடைக்கவும், வேறு விரலை வைத்துப் பார்க்கவும் சொல்லுங்கள் என்ற கருத்துப்பட எழுதியிருக்கிறார்கள். நல்ல வேலைதானே? அதை எழுதியவரை நான் பாராட்டுவேன். ஆனால் சேவை மையத்துத் திரையில் பல வேளைகளில் 'பிழை 300' என்று மட்டும் வருகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்தும் கடைமடை காய்வதுபோல் அந்த யோசனை நடுவழியில் நின்றுவிடுகிறது.

கதிர் அறுக்கும் கைக்கும், சுண்ணாம்பும் சிமெண்டும் அள்ளும் கைக்கும் ரேகை தேய்ந்திருக்கும். எனவே 300 வந்தால் மனம் தளரவேண்டாம். கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு பத்து விரல்களையும் முயன்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த விரல் நன்றாகப் பதிகிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விரலும் பதியவில்லை என்றாலும், தகுதியுள்ள ஒருவருக்கு அந்தக் காரணத்தால் மட்டும் பயனை மறுக்கக்கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கடை வாசலில் நின்று வாதாடுவது எளிதன்று, தெரியும். தெரிந்து வைத்துக்கொண்டு கேட்பதற்கும் தெரியாமல் கெஞ்சுவதற்கும் வேறுபாடு உண்டு.

இனி நம் புதுச்சேரிக்கே உரிய தொல்லை ஒன்றுக்கு வருகிறேன். பெயர் பொருந்தவில்லை என்பது அது.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைந்தது வரை இங்கே பிறப்பும் இறப்பும் பிரெஞ்சு முறையில் பதிவாயின. தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள். பிரெஞ்சில் 'யூ' என்ற ஒற்றை எழுத்துக்கு நம் 'உ' ஒலி கிடையாது. அதனால் 'ஓ-யூ' என்று இரண்டெழுத்துச் சேர்த்தார்கள். இரண்டு உயிர் எழுத்துகளுக்கு இடையே ஒற்றை 'எஸ்' வந்தால் 'இசட்' போல ஒலிக்கும். அதனால் இரட்டை 'எஸ்' போட்டார்கள். 'ஜ' ஒலிக்கு 'டி-ஜே' என்று எழுதினார்கள். ஆக, முத்து என்பவர் எல்லைக்கு அப்பால் கடலூர் மாவட்டத்தில் எம்-யூ-டி-எச்-யூ, இங்கே எம்-ஓ-யூ-டி-டி-ஓ-யூ. குமாரசாமி அங்கே 'கே'யில் தொடங்குகிறார். இங்கே 'சி'யில் தொடங்கி இரட்டை 'எஸ்' தாங்கி வருகிறார். ராஜு இங்கே ஆர்-ஏ-டி-ஜே-ஓ-யூ. நம் தாத்தா பத்திரத்தில் பிரெஞ்சு முத்து. பேரன் பள்ளிச் சான்றிதழில் ஆங்கில முத்து. ஆதார் எடுத்த அன்று தட்டச்சு செய்தவர் மூன்றாவதாக ஒன்றை எழுதியிருப்பார். வங்கியில் தந்தையின் முதலெழுத்து முன்னால்; இன்னோர் ஆவணத்தில் தந்தையின் முழுப்பெயர் பின்னால்.

மூவரும் ஒரே முத்து என்று ஊருக்குத் தெரியும். கணிப்பொறிக்குத் தெரியாது. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு 'பெயர் பொருந்தவில்லை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறது. எந்த ஆவணத்தோடு எந்த ஆவணம் பொருந்தவில்லை? எத்தனையாவது எழுத்தில்? சொல்வதில்லை. ஒரே திரையில் இரண்டு பெயரையும் மேலும் கீழுமாகக் காட்டி, வேறுபடும் எழுத்தைச் சிவப்பாக்கி, எதைத் திருத்த எங்கே போகவேண்டும் என்று சொல்லும் மென்பொருளை எழுதுவது அரிய வித்தை ஒன்றுமில்லை. தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் என்று தனியே ஒன்று இல்லை என்பதையும், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டால் 'நிரப்புக' என்று சிவப்பில் மிரட்டக்கூடாது என்பதையும் இங்குள்ள பொறியியல் மாணவர்கள் தம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே அறிந்துகொள்வார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: எல்லா ஆவணங்களையும் ஒருநாள் வீட்டுத் திண்ணையில் பரப்பி வைத்துப் படித்த பிள்ளையைக் கொண்டு எழுத்துக்கூட்டி ஒப்பிடுங்கள். எந்த எழுத்துக்கூட்டலை நிலையாக வைப்பது என்று வீட்டில் முடிவு செய்துகொண்டு, பிறகு மற்றவற்றை அதற்குத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றமுடியும். அவசரப்பட்டு ஒன்றைச் செலவழித்துவிடாதீர்கள். பிரெஞ்சு ஓய்வூதியமோ குடியுரிமையோ உள்ள குடும்பங்கள் அந்தப் பழைய ஆவணங்களின் எழுத்தைத் தொடுவதற்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும்.

எல்லையைச் சொன்னதும் நிலம் நினைவுக்கு வருகிறது. நம் பிரதேசம் தமிழ்நாட்டுக்குள் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. வீடு இங்கே, வயல் அங்கே என்று பலர் இருக்கிறீர்கள். அங்குள்ள நிலத்தின் சர்வே எண்ணை நமது 'நிலமகள்' தளத்தில் தேடினால் கிடைக்காது. 'பதிவு இல்லை' என்பதை மட்டும் கண்டால் நிலமே போய்விட்டதோ என்று வயிறு கலங்கும். 'இத்தளத்தில் புதுச்சேரி நிலங்கள் மட்டுமே உள்ளன' என்ற ஒரு வரி அந்தக் கலக்கத்தைப் போக்கும்.

இதுவரை 'முடியாது' என்று சொன்னதைப் பார்த்தோம். 'முடிந்தது' என்று கணிப்பொறி சொல்லி, உண்மையில் முடியாமல் இருந்தால் அது இன்னும் கொடிது. இதற்குப் புதுச்சேரியே சாட்சி. 2015 செப்டம்பரில் இங்கே ரேசன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை தொடங்கியது. சண்டிகரிலும் தாத்ரா நாகர் அவேலியிலும் இதே முயற்சி நடந்தது. பொருளாதார அறிஞர்கள் சிலர் அடுத்த ஆண்டு மூன்று இடங்களிலும் வீடுவீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். அரசுப் பதிவில் ஏறக்குறைய எல்லாப் பணமும் போய்ச் சேர்ந்ததாக இருந்தது. வீடுகளிலோ, வரவில்லை என்று சொன்னவர்கள் கணிசமாக இருந்தார்கள். பணம் அவர்கள் பயன்படுத்தாத வேறு கணக்கில் விழுந்திருக்கலாம். விழுந்தது தெரியாமலும் இருந்திருக்கலாம். அனுப்பிய கணிப்பொறியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அடுப்பில் உலை வைக்கவேண்டிய தாய்க்கு முடியவில்லை. 'இன்ன வங்கியில், கடைசி நான்கு எண் இன்னதாக முடியும் கணக்கில், இன்ன தேதியில் இவ்வளவு போட்டிருக்கிறோம்' என்ற குறுஞ்செய்தி ஒன்று அவர் கைக்கு வந்திருந்தால் தேடவேண்டிய இடம் தெரிந்திருக்கும்.

பிழைக்கு யார் பொறுப்பு என்பதைச் சட்டமாகவே சொல்லிவிட்ட ஓர் இடமும் உண்டு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் வங்கி 5 நாட்களுக்குள் திருப்பிப் போடவேண்டும். கைப்பேசி வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் நம் கணக்கில் கழிந்து அவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திருப்பவேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வாடிக்கையாளருக்குக் கொடுக்கவேண்டும். அதுவும் அவர் புகார் செய்யும்வரை காத்திராமல் தானாகவே கொடுக்கவேண்டும். விதை வாங்கிய கடையில் பணம் அனுப்பி 'நிலுவையில்' என்று வந்தால் பதற்றத்தில் உடனே மறுபடி அனுப்பிவிடுகிறோம். பிறகு இரண்டும் போய்ச் சேர்ந்து கடைக்காரரிடம் போய் நிற்கிறோம். 'பணம் எங்கும் போகவில்லை, இன்ன நேரம்வரை காத்திருக்கவும், மறுபடி அனுப்பவேண்டாம்' என்று அந்த ஒரு சொல்லை விரித்து எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இந்த ஊரில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கனவே இருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. எம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் நடந்ததை 2000-இல் அமெரிக்க நாளேடு ஒன்று வியந்து எழுதியது. மின்சாரம் நின்றால் சூரியசக்தி, தொலைபேசி எட்டாவிட்டால் கம்பியில்லாத் தொடர்பு என்று நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் வந்த எண்ணையும் வரைபடத்தையும் நடுவில் இருந்த ஒருவர் வாங்கி, கேட்பவருக்கு வேண்டிய சொல்லாக மாற்றிக் கொடுத்ததுதான் அதன் சிறப்பு. கணிப்பொறியின் குறையை மனிதர் நிரப்பினார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாட்டில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். முன்பு ஊர்த் தகவல் மையத்தில் தொண்டராக இருந்தவர். தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் ஊருக்குள் வருகிறது என்று தெரிந்ததும், கரையை விட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார். ஊரார் தகவல் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். ஊர் தப்பியது. நிலநடுக்கம் எத்தனை அளவு, எந்தத் தீவருகே என்றெல்லாம் அந்த ஒலிபெருக்கி விவரித்திருந்தால் கேட்டுக்கொண்டே நின்றிருப்போம். என்ன செய்யவேண்டுமோ அது முதலில் வந்தது.

சேவை மையங்களில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே இன்று அந்த இடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கோபிப்பதால் பயனில்லை. திரையில் வருவதற்குமேல் அவர்களுக்கும் தெரிவதில்லை. நீங்கள் செய்யவேண்டியது எளியது. 'ஆகவில்லை' என்று சொன்னால் எழுந்து வந்துவிடாமல், திரையில் உள்ள சொற்களை அப்படியே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எண் இருந்தால் எண், தேதி, நேரம். கைப்பேசி இருந்தால் படமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆதார் எண் தெரியாதவாறு மறைத்து எடுங்கள். பிறகு, "இதைச் சரிசெய்வது எந்த அலுவலகம்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கிசான் நிதிக்கு 155261, ஆதாருக்கு 1947 என்ற எண்களில் அந்தத் தாளை வைத்துக்கொண்டே கேட்கலாம். 1947-இல் தமிழிலும் பேசுகிறார்கள். ரேகை வைத்து ஆகாமல் போன விவரம் உங்கள் ஆதார்க் கணக்கில் பிழை எண்ணோடு ஆறு மாதம்வரை பார்க்கக் கிடைக்கும். மானியம் எந்த வங்கிக்குப் போகும் என்பதையும் அங்கேயே பார்க்கலாம். இரண்டுக்கும் ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் உங்களிடம் உயிரோடு இருக்கவேண்டும். எண்ணை மாற்றியவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் சிலரும் பின்வரிசையில் இருப்பதைப் பார்க்கிறேன். உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதும் பிழைச் செய்தியைக் கணிப்பொறியில் ஏற்றுமுன், உங்கள் பாட்டியிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். "சரி, இப்ப நான் எங்க போகணும்?" என்று அவர் கேட்டால் அந்தச் செய்தி இன்னும் முடியவில்லை.

கூட்டம் முடிந்ததும் நான் வாசல் பக்கத்து மேசையில் அரைமணி நேரம் இருப்பேன். பணம் நின்றுபோனவர்கள் தாளையும் பதிவு எண்ணையும் கொண்டு வாருங்கள். எந்த வாசல் என்று சேர்ந்து பார்ப்போம்.